அட்டைப்படத்தில் குனிந்து நிற்பவர்

மேற்கு தாம்பரம்,
6.12.2008

அன்பு மகள் ஜெயப்ரியாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுத வேண்டும்தான். ஆனால் நேற்று உன் நலத்தை எல்லாம் உன் அம்மா போனில் முழுசாக அறிந்து முடித்து, பேலன்ஸ் தீரும் சமயத்தில் என் கையில் கொடுத்தாள். எனக்குக் கிடைத்தது அரை நிமிஷம். அதற்குள் நான் பெரிய விஷயம் ஒன்றைச் சொல்லி, நீயும் "சரிப்பா" என்று சொல்லி, லைனும் கட்டாகிவிட்டது. இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று முதலில் சந்தோஷமாக இருந்தது. படுத்த பிறகு ஏதோ உறுத்தியது. அதனால்தான் இந்தக் கடிதம்.

போனில் நாம் பேசுவது பேச்சா, சொல்லு? நீ "ம்" என்பாய், நான் "சரி" என்பேன். பேப்பர் என்றால் எனக்குக் கொஞ்சம் தைரியம். பிழைப்பே அதில்தானே. இத்தனை வருஷம் பொத்தேரி ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் எழுதியதைக் காப்பி எடுத்தே காலம் தள்ளியவன், சொந்தமாக எழுதினால் என்ன லட்சணத்தில் வருகிறது என்று பார்ப்போம். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். எஸ்.எஸ்.எல்.சி.யில் தமிழில் பாஸ் செய்தேன் என்பது எனக்கே இன்றுவரை ஆச்சரியம்.

புயல் மழையில் முடிச்சூர் ரோடு முழுக்கத் தண்ணீர். நம் தெருவில் ஆட்டோ வர மாட்டேன் என்கிறான். கடையில் பெரிய மெஷின் இரண்டு நாள் இருமியது, இப்போது பரவாயில்லை. உன் அம்மா முட்டிவலியோடு திருநீர்மலை ஏறி இறங்கிவிட்டு, இப்போது முட்டிக்காக வேண்டிக்கொள்ள இன்னொரு தடவை ஏற வேண்டும் என்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஏகநாதன் சார் சிட்லபாக்கத்திலிருந்து வந்திருந்தார். தை மாதம் உனக்கும் அவர் பையன் கார்த்திக்கும் நிச்சயதார்த்தம் என்று பேசி வைத்திருக்கிறோமே, அதற்கு நாள் குறிக்க வருகிறார் என்று நினைத்து உன் அம்மா கேசரி கிண்டினாள். வந்தவர் கேசரியைத் தொடவில்லை. பையிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்து டீப்பாய் மேல் வைத்தார். பார்த்தால், உங்கள் "ஃபாஸ்ட் லோக்கல்" ராப் பாட்டுக் கோஷ்டியின் சி.டி.! எனக்குப் பெருமை தாங்கவில்லை. "சார், இந்த அட்டை நம்ம கடையில போட்டது சார், ஓரத்தைத் தடவிப் பாருங்க, எவ்வளவு சுத்தமா வெட்டியிருக்கோம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அந்த அட்டை போட்ட நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ, விக்கி, ஷ்யாம்சுந்தர் மூன்று பேரும் கடைக்கு வந்தீர்கள். "சரிங்க சாரு" என்று பாட்டின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, கீழே ஒரு ஆள் கைகட்டிக் குனிந்து நிற்கிற மாதிரி கறுப்புப் படம். கக்கத்தில் குடை. நான்தான் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஷ்யாம், ஆளை இன்னும் கொஞ்சம் குனிய வைப்பா, அப்பதான் மரியாதை தெரியும்" என்று யோசனை சொன்னேன். விக்கி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அவனுக்கு வயிற்று வலியாக்கும் என்று நினைத்து நான் சோடா வாங்கி வரச் சொன்னேன்.

ஏகநாதன் சாருக்கு உன்னைப் பிடித்திருக்கிறது. உன் படிப்பும் வேலையும் பிடித்திருக்கிறது. பாட்டுதான் பிடிக்கவில்லை. "மீன்காரம்மா பையனோட சேர்ந்துகிட்டு, இன்னா கீது, வூட்டாண்ட கீதுன்னு தெரு பாஷையில, பெரியவங்கன்னு ஒரு மட்டு மரியாதை இல்லாம... நம்ம வீட்டுக்கு வர்ற பொண்ணு இப்படிப் பாடலாமா மாணிக்கவேல்?" என்று கேட்டார். சி.டி.யை எல்லாம் திரும்ப வாங்கிவிட வேண்டுமாம். இன்டர்நெட்டில் ஆர்குட்டில் போட்டதை எடுத்துவிட வேண்டுமாம். பொங்கலுக்கு முடிச்சூர் ரோட்டில் கட்டி முடிக்காத கல்யாண மண்டபத்து மாடியில் நீங்கள் வைத்திருக்கும் நிகழ்ச்சியில் நீ மைக் பிடிக்கக் கூடாதாம். அதற்குப் பிறகு எப்போதுமே கூடாதாம். நான் சரிங்க சார் என்றேன். போகும்போது என் தோளில் கை வைத்து, "உங்களுக்கே இது எப்படிப் பொறுக்குதுன்னு எனக்குப் புரியலை" என்றார். எனக்கும் எது என்று புரியவில்லை. அதற்கும் சரிங்க சார் என்று சொல்லி வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

இந்தப் பாட்டு விஷயத்தில் எனக்கு ஞானம் குறைச்சல் என்பது உனக்கே தெரியும். நீங்கள் "அண்டர்கிரவுண்ட்" என்று பேசிக்கொண்டபோது, தாம்பரம் ஸ்டேஷன் சப்வேயில் பாடுகிறீர்களாக்கும், போலீஸ் பிடிக்கப் போகிறான் என்று பயந்தவன் நான். உங்கள் பாட்டைக் கடைக்கு வரும் பிள்ளைகள் செல்போனில் சத்தமாகப் போடுவார்கள். அதுவோ ஃபாஸ்ட் லோக்கல், என் காது நிற்கிற ஸ்டேஷனில் அது நிற்பதில்லை. நடுவில் வரும் "சரிங்க சாரு, சரிங்க சாரு" மட்டும்தான் எனக்குப் பிடிபடும். அதை முனகிக்கொண்டே காப்பி எடுப்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். என் குரல் வளத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

இதைத்தான் நேற்று போனில் சொன்னேன். நீ "சரிப்பா" என்றதும் பாரம் இறங்கியது. ஆனால் பாப்பா, சின்ன வயசிலிருந்து நீ எதற்கும் ஒரே தடவையில் சரி சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. பாகற்காயிலிருந்து பள்ளிக்கூட ரிப்பன்வரைக்கும் ஒரு சண்டை நடந்த பிறகுதான் எதுவும் நடக்கும். அதனால் கேட்கிறேன், புனே தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா? காய்ச்சல் ஏதும் இல்லையே?

சி.டி.யைத் திரும்ப வாங்குவது பற்றிப் பேச விக்கியின் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். நீ ஒன்றும் கவலைப்படாதே. வேளைக்குச் சாப்பிடு. எல்லாம் நல்லபடி நடக்க திருநீர்மலைப் பெருமாள் துணை இருப்பார்.

அன்புடன்,
அப்பா மாணிக்கவேல்

---

மேற்கு தாம்பரம்,
15.12.2008

அன்பு மகள் ஜெயப்ரியாவுக்கு,

போன கடிதம் கிடைத்திருந்தால் அதில் நான் எழுதியதை எல்லாம் ஒரு கோடு போட்டு அடித்துவிடு. தண்ணீரும் காய்ச்சலும் பற்றிக் கேட்டதை மட்டும் விட்டுவை.

சொன்னபடி விக்கியின் அம்மா எல்லம்மாவைப் பார்க்க மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். சி.டி. மிச்சம் இருந்தால் திரும்பக் கொடுத்துவிடு, விக்கியிடமும் சொல்லிவிடு, சம்பந்தி வீட்டில் வருத்தப்படுகிறார்கள் என்று மெதுவாகச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள். "இன்னா அண்ணே, வித்துப் போன மீனைத் திரும்பக் கேட்டா யாரு குடுப்பா? சம்பந்தி வருத்தப்படறானா? அவன் எதுக்கு வருத்தப்படணும்? வருத்தம்னா நீ இல்ல படணும்" என்றாள். நான் எதற்கு என்று கேட்டேன். அவள் பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்தாள். அவள் இவளைப் பார்த்தாள். "அய்ய! மெய்யாலுமே உனக்குத் தெரியாதா? அந்தப் பாட்டே உன் மேலதான் கட்டி கீது! கொடையும் கையுமா அட்டையில நிக்கிறது யாருன்னு நெனச்சுகினு இருந்த?"

மார்க்கெட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். கூட்டம் சிரிக்கும்போது சேர்ந்து சிரிப்பதுதானே என் வழக்கம். பிறகு எல்லம்மா ஒன்று சொன்னாள். "எம் புள்ளை ஊர்ல கீறவன் மேல எல்லாம் பாட்டு கட்றான். பெத்தவ மேல ஒரு வரி இல்ல. அதான் எனக்குப் பேஜாரா கீது. உம் பொண்ணு உன்ன இத்தினி நாளா குந்திப் பாத்துகினே இருந்திருக்கா. உனக்கு இன்னா கொறை?" என்றாள். காசு வாங்காமல் ஒரு கூறு சங்கரா மீன் கட்டிக் கொடுத்தாள். அனுதாபத்துக்குக் கொடுத்தாளா, மரியாதைக்குக் கொடுத்தாளா என்று இன்னும் தெரியவில்லை. குழம்பு நன்றாக இருந்தது.

நேரே சிட்லபாக்கம் போனேன், ஷ்யாம்சுந்தர் வீட்டுக்கு. மாடி ரூமில்தானே உங்கள் ரெக்கார்டிங் எல்லாம். சுவர் முழுக்க சத்தம் அடங்க மெத்தையைச் சாத்தி வைத்திருக்கிறான். அதில் ஒன்று நம் வீட்டு மெத்தை, பஞ்சு அடிக்கக் கொடுத்திருப்பதாக நீ சொன்னது. அதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். நான் போனதும் அந்தப் பையன் முகம் வெளுத்துவிட்டது. "அங்கிள், சாரி அங்கிள்" என்றான். சாரி எல்லாம் வேண்டாம், ஃபாஸ்ட் லோக்கலைக் கொஞ்சம் பாசஞ்சர் மாதிரி ஓட்டு, ஒவ்வொரு வரிக்கும் நிறுத்து என்றேன். காதில் பெரிய ஹெட்ஃபோன் மாட்டிவிட்டான். கேட்டேன்.

வந்தவன் எல்லாம் சாரு, போனவன் எல்லாம் சாரு,
எங்கப்பன் மட்டும் யாரு? சரிங்க சாரு, சரிங்க சாரு!
கூனு ஒண்ணும் இல்ல, ஆனா குனிஞ்சு குனிஞ்சு போச்சு,
எங்கப்பன் ஒசரம் இப்ப நாலடியா ஆச்சு.
கரண்ட்டு புட்டுக்கிச்சா, கம்பத்தப் பாத்து சரிங்க,
காசு குடுக்காம போறியா, போய்ட்டு வாங்க, சரிங்க!

கரண்ட் கம்பம் வந்த இடத்தில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஏனென்றால் அது உண்மை. லைன்மேன் கம்பத்தின் மேல் இருந்தார், நான் கீழே இருந்து அவருக்குத்தான் சொன்னேன். ஆனால் உன் கண்ணுக்குக் கம்பத்துக்குச் சொன்ன மாதிரிதான் தெரிந்திருக்கும்.

அடுத்து குடை வந்தது.

ஓனர் கேட்டான் குடைய, ஊத்துது மழை மேல,
எங்கப்பன் வந்தான் வூட்டுக்கு ஈரக் கோழி போல!

முதலில் நாய் என்று எழுதி, அப்புறம் கோழி என்று நீ மாற்றினாயாம், ஷ்யாம் சொன்னான். நன்றி. கடை ஓனர் சார் அன்றைக்குக் காரிலிருந்து இறங்கி வந்து என் குடையைத்தான் கேட்டார். கார் பக்கம்தான் நின்றது. எனக்குத்தான் ஸ்டேஷன்வரை நடக்க வேண்டும். கொடுத்தேன். நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். துண்டு எடுத்து வந்து கொடுத்தாய், ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இத்தனை வருஷம் வைத்திருந்தாய் என்று அந்த மெத்தை ரூமில்தான் தெரிந்தது.

அதற்கப்புறம் மத்தளச் சத்தம் எல்லாம் அடங்கி, உன் குரல் மட்டும் வருகிற இடம்.

ஒரு நாளு, ஒரே நாளு, மாட்டேன்னு சொல்லுப்பா,
அன்னிக்கு பீட்ட நிறுத்தி கை தட்டுறேன், நிமிர்ந்து நில்லுப்பா.

அந்த இடத்தில் ஒரு ரயில் ஹாரன் கேட்கிறது. ரெக்கார்டிங்கில் தப்பி உள்ளே வந்துவிட்டதாம். எடுத்துவிடலாம் என்று ஷ்யாம் சொன்னபோது நீதான், இருக்கட்டும், அது அப்பா வர்ற ரயில் என்று சொன்னாயாம். நான் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஷ்யாம் தண்ணீர் கொண்டுவந்து வைத்து மறுபடி சாரி அங்கிள் என்றான். சரிப்பா என்றேன். பழக்கம், என்ன செய்வது.

கோபம் வந்ததா என்று நீ கேட்பாய். வந்தது. உன் மேல் இல்லை. எனக்கு உடனே போனில் நீ சொன்ன "சரிப்பா" ஞாபகம் வந்தது. இந்தப் பாட்டை எழுதிய வாயா அது? நான் சொன்னேன் என்பதற்காக, ஏகநாதன் சார் சொன்னார் என்பதற்காக, ஒரு சண்டைகூடப் போடாமல் மைக்கைக் கீழே வைக்கிறேன் என்று சொல்லிவிட்டாய். உனக்கு என்று நான் சேர்த்து வைத்தது ஒன்றும் இல்லை. என்னிடமிருந்து உனக்கு வந்து சேர்ந்த சொத்து அந்த ஒரு வார்த்தைதான் என்றால் அது எனக்கு வேண்டாம் பாப்பா. என் மூக்கு உனக்கு வந்திருக்கிறது, அதோடு போகட்டும்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் விசாரித்தேன். புஷ்பலதாவுக்கு எல்லாம் முன்பே தெரியுமாம்! குடையை வாங்கியது யார் என்ற விவரமே அவள் கொடுத்ததாம். "இருபத்தஞ்சு வருஷமா இதையேதான் நானும் சொல்றேன். நான் சொன்னா புலம்பல், அவ சொன்னா பாட்டா?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தாள். அவள் பெயரையும் அட்டையில் போட்டிருக்க வேண்டும்.

மறுநாளே கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு ஏகநாதன் சார் வீட்டுக்குக் கிளம்பினேன். ரயிலில் வரும்போதே "மாட்டேன்" என்று மனசுக்குள் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தேன். வாய்க்குப் பழக்கமில்லாத வார்த்தை, புதுப் பல்செட் மாதிரி இடித்தது. வேர்க்கடலைக்காரன் வந்து கடலை வேணுமா சார் என்று கேட்டதும் மாட்டேன் என்றுவிட்டேன். அவன், "வேணாம்னு சொன்னாப் போதும் சார், எதுக்குக் கோச்சுக்கிறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஏகநாதன் சார் நல்லபடியாகத்தான் உட்கார வைத்தார். காபி வந்தது. கார்த்தி தம்பியும் இருந்தார். சி.டி. எல்லாம் வந்துவிட்டதா என்று ஏகநாதன் சார் கேட்டார். நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு சொன்னால் வராது என்று தோன்றியது. "பாட்டை எடுக்க மாட்டேங்க சார்" என்றேன். அந்த "ங்க"வும் "சாரு"ம் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. இருந்தாலும் மாட்டேன் வந்துவிட்டது.

அவருக்கு முதலில் காதில் சரியாக விழவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சுலபமாக இருந்தது. "உங்களைத்தானே ஐயா அவ கேவலப்படுத்தியிருக்கா? அப்பனை அவன் இவன்னு பாடறவ நாளைக்கு என்னை என்ன பாடுவா?" என்றார். "என்னைத்தாங்க சார் பாடியிருக்கா. திட்டு வாங்கினவனுக்கே வலிக்கலை, உங்களுக்கு ஏன் சார் வலிக்குது? உங்களைப் பத்திப் பாடணும்னா அதுக்கு நீங்க ஏதாவது செஞ்சிருக்கணும் சார், சும்மா எல்லாம் பாட மாட்டா" என்றேன். எனக்கே என் வாய் மேல் சந்தேகம் வந்தது. தெரு பாஷை என்று ஆரம்பித்தார். "அந்த பாஷையிலதான் சார் எங்க தெருவுல கரண்ட் போச்சான்னு கேக்கறோம், சாப்பிட்டியான்னு கேக்கறோம். அவ சுத்தத் தமிழ்ல என்னைத் திட்டியிருந்தா, வேற யாரையோ சொல்றான்னு நான் இன்னும் நாலு காப்பி எடுத்துக் குடுத்திருப்பேன்" என்றேன்.

அப்படியானால் நிச்சயதார்த்தம் என்ன ஆவது என்று கேட்டார். அதை அவர்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்யட்டும், ஆனால் பாட்டை விட்டால்தான் கல்யாணம் என்றால் அந்தக் கல்யாணத்துக்கு நான் பத்திரிகை அடிக்க மாட்டேன், ஜெராக்ஸ்கூட எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் பையனைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா கார்த்தி? இந்த இடம் நமக்குச் சரிப்படாது" என்றார். கார்த்தி தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "சரிப்பா" என்றார்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும் பாப்பா. அது என் குரல். கெட்ட பையன் இல்லை. ஆனால் யோசித்துப் பார், வாழ்க்கையில் உனக்கு ஒரு மாணிக்கவேல் போதாதா?

விடுவிடென்று வெளியே வந்துவிட்டேன். சினிமாவில் வருகிற மாதிரி. தெருமுனைவரை போன பிறகுதான் குடையை அவர்கள் வீட்டில் விட்டது தெரிந்தது. மழை தூற ஆரம்பித்திருந்தது. பழைய நான் என்றால் அப்படியே நனைந்துகொண்டு ஸ்டேஷனுக்குப் போயிருப்பேன். திரும்பிப் போனேன். பெல் அடித்தேன். "என் குடை" என்றேன். கார்த்தி தம்பிதான் எடுத்து வந்து கொடுத்தார். கதவை லேசாகச் சாத்திவிட்டு, "அங்கிள், அந்தப் பாட்டுல ஒரு ரயில் சத்தம் வருதே, அது நிஜ ரயிலா?" என்று கேட்டார். நிஜ ரயில்தான் தம்பி, நான் அதில்தான் வருகிறேன் என்றேன்.

இதுதான் நடந்தது. நல்ல இடம் கைவிட்டுப் போய்விட்டதா என்று உன் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது. ஆனாலும் அன்றைக்கு நெய் விட்டுப் புதுசாகக் கேசரி கிண்டி எனக்கு மட்டும் கொடுத்தாள். நீ பொங்கலுக்கு வா. டிக்கெட்டை ரத்து செய்யாதே. ரத்து செய்திருந்தால் மறுபடி போடு. கொண்டுவர வேண்டியது உன் தொண்டை மட்டும்தான், அங்கே குளிரில் அதைக் கெடுத்துக்கொள்ளாதே. காலையில் வெந்நீர் குடி.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா

---

மேற்கு தாம்பரம்,
29.12.2008

அன்பு மகள் ஜெயப்ரியாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ கையால் எழுதி எனக்கு வரும் முதல் கடிதம். உன் எழுத்து இவ்வளவு கோணல் என்று தெரியாது, கம்ப்யூட்டர் படிப்பு என்றால் இப்படித்தான் போல. இரண்டு இடத்தில் மை கலைந்திருந்தது. புனேயில் மழையா என்று உன் அம்மா கேட்டாள். ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்களை ஊர் பார்த்துச் சிரிக்க வைத்துவிட்டேன், என்னை மன்னித்துவிடுங்கள், அந்தப் பாட்டை இனி பாட மாட்டேன், நிகழ்ச்சியில் விக்கி மட்டும் வேறு பாட்டு பாடட்டும், ஆர்குட்டிலிருந்து எடுக்க ஷ்யாமிடம் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய்.

மாட்டேன்.

முதல் மாட்டேன் ஏகநாதன் சாருக்கு. இரண்டாவது உனக்கு. ஷ்யாம் வீட்டுக்குப் போய், என்னைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். பாட்டு நீ எழுதியது, சரி. ஆனால் அதில் குனிந்து நிற்பவன் நான். எனக்கும் அதில் பாத்தியதை உண்டு. அட்டைப்படத்தைப் பெரிதாக எடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். இது யார் அங்கிள் என்று கேட்கும் பிள்ளைகளிடம் நான்தான் என்கிறேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் மட்டும் படத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எங்க அப்பாவும் இப்படித்தான் அங்கிள் என்று சொல்லிவிட்டுப் போனாள். நம் விஷயம் நம் வீட்டோடு நிற்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு நீ என்ன பதில் சொல்வாய்? பாட்டை எடுத்துவிட்டேன் என்றா?

கடை ஓனர் சார் வந்திருந்தார். சார், என் குடை என்றேன். எந்தக் குடை என்றார். கடையில் நின்ற பையனிடம் சொல்லிச் செல்போனில் அந்த வரியைப் போடச் சொன்னேன். கேட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். மறுநாள் டிரைவர் ஒரு குடையைக் கொண்டுவந்து வைத்தான். அது என்னுடையது இல்லை. என்னுடையதைவிட நல்ல குடை. வாடகையை ஏற்றிவிடுவாரோ என்று உள்ளுக்குள் பயம்தான். ஏற்றினால் அதற்கும் ஒரு வார்த்தை இப்போது என்னிடம் இருக்கிறது.

கார்த்தி தம்பியும் கடைக்கு வந்தார். காப்பி எடுக்க ஒரு பேப்பரும் கொண்டுவரவில்லை. மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, பொங்கல் நிகழ்ச்சிக்கு யார் வேண்டுமானாலும் வரலாமா அங்கிள் என்று கேட்டார். அப்பாவிடம் சொல்லிவிட்டீர்களா என்றேன். இல்லை என்றார். முதலில் அவரிடம் சொல்லிவிட்டு வாங்க தம்பி, அப்புறம் தாராளமாக வரலாம் என்றேன். வருவாரா என்று தெரியாது. அது உங்கள் இரண்டு பேர் விஷயம். அதில் நான் சரியும் சொல்ல மாட்டேன், மாட்டேனும் சொல்ல மாட்டேன்.

மண்டபத்து மாடிக்கு இன்னும் கைப்பிடிச் சுவர் வைக்கவில்லை. நானும் விக்கியும் போய்ச் சவுக்குக் கட்டை கட்டிவிட்டு வந்தோம். வியாசர்பாடியிலிருந்து ஒரு கூட்டம் வருகிறதாம், பல்லாவரத்திலிருந்து இரண்டு பேர் வருகிறார்களாம். எல்லம்மா எல்லோருக்கும் மீன் வறுத்துத் தருகிறாள். தன் மேல் ஒரு பாட்டு கட்டினால்தான் வறுப்பேன் என்று மகனிடம் கண்டிஷன் போட்டிருக்கிறாள். அவனும் மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறான்.

பாட்டில் ஒரே ஒரு திருத்தம் வேண்டும். என் உயரம் நாலடி இல்லை. ஐந்தடி நாலங்குலம். சுவரில் சாய்ந்து நின்று உன் அம்மாவை விட்டு அளந்து பார்த்துவிட்டேன். மற்றபடி கோழி உள்பட ஒரு எழுத்தையும் மாற்றாதே. இன்னும் திட்ட ஏதாவது மிச்சம் இருந்தால் அடுத்த பாட்டில் வைத்துக்கொள். விவரம் வேண்டுமென்றால் உன் அம்மாவைக் கேள், அவளிடம் நிறைய இருக்கிறது.

நான் முன் வரிசையில் நிற்பேன், நிமிர்ந்துதான். பின்னால் இருப்பவர்களுக்கு மறைத்தால் மறைக்கட்டும். நான் மாட்டேன் என்று சொல்லும் நாளில் கை தட்டுகிறேன் என்று ஊரறியப் பாடியிருக்கிறாய். நான் சொல்லியாகிவிட்டது, இரண்டு தடவை. வந்து தட்டு. பீட்டை மட்டும் நிறுத்தாதே.

நன்றாக இரு பாப்பா. நூறு வயசு இரு. சத்தமாக இரு.

இப்படிக்கு,
உன் பாட்டில் வரும் அப்பன்,
மாணிக்கவேல்